அப்பாக்களைக் கொல்லச் சொல்லாதீர்கள்: நாவல் பதிப்பாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கைப்பிரதிகளைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் பதிப்பாசிரியர்களுக்கு வணக்கம்.

பதின்வயதில் தொடங்கி இருபதுகளில் முடியும் நாவலை அனுப்பினால் உங்களிடமிருந்து பெரும்பாலும் ஒரே கேள்விதான் வருகிறது: "இவள் எந்த இடத்தில் மாறினாள்?" ஒரு சாவு, ஒரு துரோகம், வீட்டைவிட்டு ஓடிய ஓர் இரவு, ஏதாவது ஒன்று உங்களுக்கு வேண்டும். இல்லையென்றால் ஓரத்தில் "திருப்புமுனை இல்லை" என்று எழுதிவிடுகிறீர்கள். எழுதியவர் என்ன செய்வார்? அப்பாவைக் கொன்றுவிடுவார். (பிள்ளைக்குப் பொறுப்பு வரவேண்டும் என்பதற்காகவே மாரடைப்பில் போன கதை அப்பாக்கள் கொஞ்சநஞ்சமா!) அடுத்த அத்தியாயம் "ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு" என்று தொடங்கும். அந்த ஐந்து ஆண்டுகளைத்தானே ஐயா நாங்கள் எழுத வந்தோம்?

அக்கா தங்கை சண்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பதினான்கில் தங்கை கதவை அறைந்து சாத்துகிறாள். பதினாறிலும் சாத்துகிறாள், ஆனால் யாராவது வந்து தட்டுகிறார்களா என்று உள்ளே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். பத்தொன்பதில் அக்காவை எந்தச் சொல் வெட்டும் என்று நன்றாகத் தெரிந்தே அதைச் சொல்கிறாள். பார்க்க இறக்கம்போல இருக்கும். ஆனால் சொல்வதற்கு முன்பே அடுத்தவர் வலி அவளுக்குத் தெரிகிறது, அது புதிது. இருபத்திரண்டில், பாதிச் சண்டையில் அக்காவின் கை நடுங்குவதைப் பார்த்து, "உனக்கு என்ன ஆச்சு?" என்கிறாள். இதில் எது திருப்புமுனை? எதை உருவினாலும் அடுத்தது நிற்காது.

இன்னொரு குறிப்பும் அடிக்கடி வருகிறது: "பாத்திரம் சீராக இல்லை." அந்த வயதே அப்படித்தான். எல்லோரும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதாகப் பதின்வயதினர் நினைப்பதை உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967 இலேயே எழுதிவிட்டார். 2005 இல் வெளிவந்த, உளவியலாளர்கள் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் ஆகியோரின் ஆய்வில், கார் ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றைச் சிலர் தனியாகவும் சிலர் நண்பர்கள் சூழவும் ஆடினார்கள். நண்பர்கள் இருந்தபோது 13 முதல் 16 வயதுக்காரர்கள் ஆபத்தான ஆட்டத்துக்கு வெகுவாகத் துணிந்தார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த வேறுபாடு பெரிதாக இல்லை. ஆகவே காலையில் தனியாக நிதானமாகப் பேசிய பையன் மாலையில் நண்பர்கள் முன்னால் கிறுக்குத்தனம் செய்தால் அது எழுத்தாளரின் கவனக்குறைவு அல்ல. வேலையிடத்தில் பெரிய மனுஷி, அம்மாவிடம் எட்டு வயது. இருபது வயதில் இது சாதாரணம்.

அப்புறம் நடை. அயர்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் 1916 நாவலான "எ போர்ட்ரெய்ட் ஆஃப் தி ஆர்ட்டிஸ்ட் அஸ் எ யங் மேன்" குழந்தைப் பேச்சில் தொடங்கி, வளர்ந்த இளைஞனின் நாட்குறிப்பில் முடிகிறது. இடையில் மொழியும் அவனோடு வயதாகிக்கொண்டே போகிறது. நூறு ஆண்டுக்கு மேலாகியும் நாங்கள் இதைச் செய்தால் "நடை ஒத்துப்போகவில்லை" என்று முதல் அத்தியாயங்களைச் செப்பனிட்டு விடுகிறீர்கள். பதினான்கு வயதுக்காரி "எப்பவுமே", "யாருமே", "ஒருத்தருக்கும் புரியாது" என்றுதான் பேசுவாள். "ஒருவேளை", "சில சமயம்" எல்லாம் பின்னால், ஒவ்வொன்றாக வந்து சேரும். அவற்றை முதல் பக்கத்திலேயே அவள் வாயில் வைத்துவிட்டால் மிச்சம் முந்நூறு பக்கத்துக்கு அவள் எங்கே போவாள்?

சரி, மெதுவாக நகர்வதெல்லாம் நல்ல நாவல் என்று நான் சொல்லவில்லை. ஒன்றுமே மாறாமல் ஆண்டு மட்டும் ஓடும் பிரதிகளும் உங்கள் மேசைக்கு வரும், தாராளமாகத் திருப்பி அனுப்புங்கள். அனுப்பும்போது "திருப்புமுனை இல்லை" என்பதற்குப் பதிலாக, எந்த அத்தியாயத்தில் அவளுக்கு என்ன வயது என்று உங்களால் உணர முடியவில்லையோ அந்தப் பக்க எண்ணைக் குறித்து அனுப்புங்கள். உட்கார்ந்து திருத்தித் தருகிறோம்.

இப்படிக்கு,
கைப்பிரதி திரும்பிவந்த ஒரு நாவலாசிரியர்