56 இப்ப 48 ஆயிருக்கு கண்ணா

கண்ணா, நேத்து நைட்டு போன்ல பின்னந்தலைல புழுவெட்டு வட்டம் பெருசாயிடுச்சு, மாத்திரை வேலை செய்யல, நிறுத்திடப் போறேன்னு சொன்னியே, அப்ப எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல, போனை வச்சப்புறம் தூக்கமும் வரல. காலைல எழுந்ததும் நீ அனுப்பின போட்டோ எல்லாத்தையும் வச்சுக்கிட்டு உக்காந்துட்டேன்.

உன் டாக்டர் சால்ட் ஸ்கோர்னு சொன்னார்ல, அது ஒண்ணும் கம்பசூத்திரம் இல்லடா. தலையை நாலா பிரிச்சுக்கறாங்க, உச்சி 40, பின்பக்கம் 24, ரெண்டு சைடும் தலா 18, ஆக 100. எந்தப் பாகத்துல எவ்ளோ பங்கு முடி போயிருக்கோ அந்தளவுக்கு மார்க், இந்த மார்க் குறைஞ்சாதான் நல்லது. மூணு மாசம் முன்னாடி உனக்கு உச்சில 80 சதவீதம் காலி, அது 32. பின்னாடி கால்வாசி, 6. சைடு ரெண்டும் பாதி பாதி, 9ம் 9ம். மொத்தம் 56. இப்ப பின்னாடி பாதி போயிருக்கு, ஒத்துக்கறேன், 6 இருந்தது 12 ஆயிடுச்சு. ஆனா உச்சில காலி 60தான், 24. சைடுல மூணுல ஒரு பங்கு, 6ம் 6ம். கூட்டிப் பாரு, 48! பூனை முடியை நான் சேர்க்கவே இல்ல, அது தடிச்சு வந்தாதான் கணக்கு. புருவம் இதுல வராது, அதை டாக்டர்கிட்ட தனியா சொல்லு.

எனக்குக் கழுத்துக்கு மேல புழுவெட்டு வந்தப்ப நீ கைக்குழந்தை. தினம் விரலால தடவித் தடவிப் பார்த்து பெருசாயிடுச்சுன்னு அழுவேன். உங்கப்பாதான் ஒரு கண்ணாடிப் பேப்பரை மேல வச்சு ஸ்கெட்ச் பேனால ஓரத்தை வரைஞ்சு தேதி போட்டு வச்சார், மாசத்துக்கு ஒண்ணு. நாலாவது பேப்பரை முதல் பேப்பர் மேல வச்சா, சுத்தி ஒரு விரல் அகலம் சின்னதாயிருந்துச்சு, என் கைக்கு அது தெரியவே இல்ல பாரு.

நீ போடற அந்த பாரிசிட்டினிப் மாத்திரையை ஆராய்ச்சி பண்ணப்பவே 36 வாரம் கழிச்சுதான் ஸ்கோர் 20 இல்ல அதுக்கும் கீழ வந்திருக்கான்னு பார்த்தாங்க, நீ போட்டது 12 வாரம். அதுக்குள்ள நிறுத்தறேன்னா எப்படிடா? எதுவா இருந்தாலும் டாக்டரைக் கேட்டுட்டுப் பண்ணு. அந்தப் பின்னந்தலை வட்டத்து ஓரத்துல, அடில மெலிஞ்சு நுனி தடிச்சு ஆச்சரியக்குறி மாதிரி குட்டி முடி இருக்கான்னு லென்ஸ் வச்சுப் பார்க்கச் சொல்லு, இருந்தா அங்க இன்னும் அடங்கலன்னு அர்த்தம், ஊசி போடலாமான்னும் கேளு.

இனிமே தினம் போட்டோ வேணாம். மாசம் ஒரு தடவை, அதே லைட், அதே தூரம், தலை காஞ்சிருக்கணும், பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு நாலு பக்கமும் எடு. போன தடவை ஈரத்தலையோட எடுத்து என்னைப் பயமுறுத்திட்ட. பின்னாடி எடுக்க ரூம்மேட்டைக் கூப்பிடு, வெக்கப்படாத, ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள அனுப்பு.

அம்மா