உழவர் சங்க ஆண்டறிக்கை 2024–25: செயலாளர் வாசித்தது

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு மேட்டூர் அணை ஜூலை 28-இல்தான் திறந்தது. போர்வெல் உள்ளவர்கள் மட்டும் குறுவை நெல் போட்டார்கள். அதை ஆண்டு முழுக்கப் பேசியாகிவிட்டது, இங்கே மறுபடி வேண்டாம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டின் புதுச் செய்தி ட்ரோன். சம்பா அறுப்புக்கு முன் ஈரத்தில் விதைத்த உளுந்து மாசியில் பூவெடுத்தபோது, உரம் தெளிக்க ஆள் கிடைக்கவில்லை. ஏக்கருக்கு 4 கிலோ டிஏபியை (தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ள குருணை உரம்) முதல் நாள் இரவே ஊறவைத்து, தெளிந்த நீரை 200 லிட்டராக்கி அடிப்பதுதான் நம் வழக்கம். பத்து லிட்டர் தெளிப்பானைத் தூக்கி இருபது நடை. கால் பட்டுப் பூவும் கொட்டும். மகளிர் குழுக்களுக்கான மத்திய அரசின் நமோ ட்ரோன் தீதி திட்டத்தில் 80 சதவீத மானியத்தில் ட்ரோன் வாங்கிய மகளிர் குழு ஒன்றிடம் வாடகை பேசினோம். ஓட்டிய பெண் வரப்பில் நின்றபடியே பத்து நிமிடத்தில் ஒரு ஏக்கரை முடித்துவிட்டார்.

ஆனால் அதன் தொட்டியும் பத்து லிட்டர்தான். 4 கிலோ டிஏபியை அதிலேயே கரைத்தால் இலை கருகும், தெளிப்பு முனை அடைக்கும். ஒருவர் வடிகட்டாமலே கொண்டுவந்து ஊற்றியதில் முனையைக் கழற்றிக் கழுவவே அரை நாள் போனது. யாரென்று குறிப்பேட்டில் எழுதவில்லை, அவருக்குத் தெரியும். அப்புறம் பாட்டிலில் திரவமாக வரும் நானோ டிஏபிக்கு மாறினோம்.

நெல்லுக்கும் இப்படி நானோ உரம் தெளித்தாலே போதுமா, யூரியா மூட்டையை விட்டுவிடலாமா என்று சிலர் கேட்டார்கள். கணக்குப் பாருங்கள். 45 கிலோ மூட்டையில் தழைச்சத்து 20 கிலோவுக்கு மேல். முதலில் வந்த 4 சதவீத நானோ யூரியா அரை லிட்டரில் 20 கிராம். பின்னால் வந்த பாட்டிலில் கூடுதல்தான், என்றாலும் கிராம் கிராம்தான். அடியுரத்தையும் மேலுரத்தையும் குறைக்க வேண்டாம் என்பது என் கருத்து. இலைவழித் தெளிப்பு அதற்கு மேல் ஒரு உதவி.

சங்கமே ட்ரோன் வாங்கும் தீர்மானம் தள்ளிவைக்கப்பட்டது. பேட்டரிச் செலவை யார் ஏற்பது என்பதிலேயே கூட்டம் முடிந்துவிட்டது.

அடுத்த உளுந்துக்குத் தெளிப்பு வேண்டுவோர் தை முடிவதற்குள் பெயர் கொடுக்கவும். காற்று ஏறுமுன் காலையிலேயே வேலை தொடங்கும். வரப்போர மரக்கிளைகளை முன்கூட்டியே கழித்து வைக்கவும். மின்கம்பி குறுக்கே போகும் வயல்களுக்குப் பழையபடி தெளிப்பான்தான்.

செயலாளர்