பட்டைப் போட்டுடாதே

மேற்கு மாம்பலம்,
சென்னை 33

அன்புள்ள ஜெயா,

நலம், நலமறிய ஆவல். என் முட்டி வலி அப்படியே இருக்கு, இவருக்குச் சர்க்கரை அப்படியே இருக்கு, மாடி வீட்டு வீணை க்ளாஸும் அப்படியே இருக்கு. போன்ல கடைசியா உன் பட்டுப் புடவையைப் பத்தி நீ ஒண்ணு சொன்னியே, அதுக்கு ‘ம்’னு மட்டும் சொல்லிட்டு வச்சுட்டேன். அதுக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனா முதல்ல வம்பு.

நித்யாவுக்கு முகூர்த்தப் பட்டு எடுத்தாச்சு. எடுக்கறது மாப்பிள்ளை வீட்டு முறை, அதனால எனக்குக் கடையில வேலை தலையாட்டறது மட்டும்தான். பனகல் பார்க் பக்கம், தீபாவளிக் கூட்டம் வேற. ரெண்டு வீட்டு ஜனமும் ஜமக்காளத்துல உட்கார்ந்து ஆளுக்கு ஒரு புடவையை இழுக்கறாங்க. ‘லாவெண்டர்தான் வேணும், அரக்கு போட்டோல கறுப்பா விழும்’னு நித்யா. ‘எங்க வீட்ல தாலி கட்டறப்போ அரக்குதான்’னு சம்பந்தியம்மா. இவர் கடையில குடுத்த காபியைக் குடிச்சுட்டு ஏசிக்கு நேரா போய் உட்கார்ந்துட்டார். நம்ம சுகுணா மட்டும் இருந்திருந்தா ரெண்டு பேரையும் உட்கார வச்சு மயில் கழுத்துக் கலரைத் தலையில கட்டியிருப்பா.

கடைசியில முகூர்த்தத்துக்கு அரக்கு, ரிசப்ஷனுக்கு லாவெண்டர். ஆனா அந்த அம்மா என்னை அசத்திட்டாங்கடி. மத்தவங்க எல்லாம் முந்தானையை விரிச்சுப் பார்க்க, அவங்க புடவையைத் திருப்பிப் போட்டு பார்டரும் உடலும் சேர்ற இடத்துல கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் பார்த்தாங்க. பார்டர் பச்சை, உடல் அரக்கு. பச்சையில ஒரு அரக்கு இழை கூடக் கலக்கலை. ‘கோர்வை’ன்னு ஒரே வார்த்தை சொல்லிட்டு மடியில எடுத்து வச்சுக்கிட்டாங்க. சாதாரணமா நெய்தா உடலுக்குக் குறுக்கே ஓடற ஊடை இழையே பார்டருக்குள்ளயும் போகும், பார்டர் நிறம் கலங்கித் தெரியும். கோர்வையில பார்டருக்குத் தனி நாடா, அதான் ஊடை நூலைச் சுமந்துக்கிட்டு தறியில குறுக்கே ஓடற கட்டை. ரெண்டு பார்டரும் உடலும் சேர்ந்து மூணு நாடா ஓடணும், ஒவ்வொரு வரிசையிலயும் கோத்துக்கிட்டே போகணும்.

இது எனக்குத் தெரிஞ்சதே, முன்னாடி நித்யாவைக் கூட்டிக்கிட்டு காஞ்சிபுரம் போனதாலதான். பிள்ளையார்பாளையத்துல ஒரு வீடு. முன் அறை முழுக்க தரையில குழி வெட்டிப் போட்ட குழித்தறி, ஆள் நடக்கக் கூட இடமில்லை. தறிக்காரருக்கு நம்ம வயசு இருக்கும். கோர்வை நெய்ய நாடா தள்ளிவிட இன்னொரு ஆள் பக்கத்துல வேணும், அந்த ஆளே இப்ப கிடைக்கறதில்லைன்னார். மனைவிதான் உட்கார்றாங்க. பையன் ஒரகடத்துல கம்பெனி வேலைக்குப் போறான். போகாம என்ன செய்வான், மாசாமாசம் சம்பளம் வருதே. கைத்தறியைக் காப்பாத்த 1985-லயே சட்டம் போட்டு, 2005-ல காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் குடுத்தாச்சு. தறி பக்கத்துல உட்கார ஆளைச் சட்டமா கொண்டு வரும்? ஜரிகையை நகத்தால சுரண்டிக் காட்டினார். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிஞ்சா அசல்னு ஒரு கணக்கு. மேல வெள்ளி, அதுக்கு மேல பேருக்குத் தங்க முலாம். வெள்ளி விக்கிற விலையில அந்த முந்தானை என்ன விலைன்னு கேட்டுட்டு நித்யா வாயே திறக்கலை.

இப்படி நெய்த புடவைக்கு மேல என்ன போடறோம்? ப்ளவுஸ்! ஏண்டி, இப்ப கல்யாணமே ப்ளவுஸுக்குத்தான் நடக்குது. புடவை பார்க்க ஒரு மத்தியானம், ப்ளவுஸ் டிசைன் பார்க்க ரெண்டு மாசமா ராத்திரி பகல் போனு. முதல்ல டெய்லர் துணியில அளவு வரைஞ்சு தரணும், வெட்டக் கூடாது. அப்புறம் அதை மரச் சட்டத்துல இழுத்துக் கட்டி ஆரி ஊசியால கல்லு, மணி, ஜர்தோசி எல்லாம் வைக்கணும். அதுக்கப்புறம்தான் வெட்டித் தைக்கறது. தைக்குள்ள வேணும்னா இப்பவே குடுக்கணுமாம். முதுகுல யானை அம்பாரி ஊர்வலம் போகுது. கையில மாப்பிள்ளை பேரு. தூக்கிப் பார்த்தேன், நம்ம ஜியாகரபி டீச்சர் கைப்பை கனம் கனக்குது. இதுல ஒரு கல் முந்தானையில மாட்டிச்சுன்னா பட்டு இழை அப்படியே இழுத்துக்கிட்டு வரும், அந்த மனுஷன் மனைவியோட உட்கார்ந்து கோத்த இழை. சொன்னா ‘அம்மா, பின் குத்திக்கலாம்’ங்கறா. அரக்குப் புடவைக்காவது அதோட வந்த பிட்டுலயே தைக்கலாம், முழங்கை வரைக்கும் அந்தப் பச்சை பார்டர் வரட்டும்னு கெஞ்சி ஜெயிச்சுட்டேன். லைனிங் துணியைத் தண்ணியில நனைச்சுக் காயப் போட்டுத் தைங்க, உள்ள ஒரு இஞ்சு பிடிச்சு விடுங்க, பிள்ளை பிறந்தப்புறமும் போடணும்னு டெய்லர்கிட்ட சொன்னேன். நித்யா தலையில அடிச்சுக்கிட்டா.

சரி, இப்ப உன் விஷயம்.

‘இனிமே எனக்கு எதுக்குப் பட்டு, பழைய பட்டு வாங்கறவன்கிட்ட எல்லாத்தையும் போட்டுடப் போறேன்’னு சொன்னே. சிரிச்சுக்கிட்டே வேற சொன்னே. அவன் உன் புடவையைக் கட்டவா வாங்கறான்? ஜரிகையை எரிச்சு வெள்ளியைப் பிரிச்சு எடுப்பான். எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டின நீலத்துல இருக்கே உன் எம்.எஸ். ப்ளூ, அதுவும் அதுல போகும். உன் வீட்டுக்காரர், நம்ம அண்ணா, முதல் போனஸ்ல கோ-ஆப்டெக்ஸ்ல வாங்கித் தந்த புடவை, ‘கடனுக்கு வாங்கலை ஜெயா’ன்னு அவர் அதைச் சொல்லிச் சொல்லியே நம்மளைப் போரடிச்ச புடவை. அண்ணா இல்லைன்னா அந்தப் புடவையும் இல்லைன்னு யார் சொன்னது? உன் நாத்தனாரா? அவ சொன்னா சொல்லட்டும். அவ நம்ம வளைகாப்புல மைசூர்பாகைக் குறை சொன்னவ.

நித்யா கல்யாணத்துக்கு நீ சாம்பல் கலர்ல ஏதோ ஒண்ணைக் கட்டிக்கிட்டு மண்டபத்துல கடைசி வரிசையில உட்கார்ந்தேன்னா நான் மேடையிலேர்ந்து இறங்கி வந்து சண்டை போடுவேன். சம்பந்தியம்மா முன்னாடி போடுவேன். அவங்களும் தனியா நின்னு பிள்ளையை வளர்த்தவங்கதான். தாலி கட்டறப்போ பட்டுதான் கட்டப் போறாங்க, பின்னால ஒதுங்கி நிக்கப் போறதில்லைன்னு எங்கிட்ட சொல்லிட்டாங்க. அவங்க பக்கத்துல நீ இருக்கணும். ஆரத்தித் தட்டுல ஒரு கை உன்னுதா இருக்கணும்னு கேட்டது நானில்லை, நித்யா.

அதனால அந்தப் புடவையை இன்னிக்கே வெளிய எடு. ரசகற்பூர உருண்டை போட்டிருந்தா தூக்கி எறி, ஜரிகை கறுக்கும். நிழல்ல ஆற விட்டு, மடிப்பை மாத்தி மடி. பழைய மடிப்புலயே கிடந்தா அங்கதான் கிழியும். அதோட ப்ளவுஸ் இனிமே உனக்குக் கையே நுழையாது, எனக்கும்தான், அதனால வெட்கப்படாதே. போட்டோ அனுப்பாதே, போன்ல எந்த நீலமும் ஒரே நீலமாத்தான் வருது. குஞ்சத்துலேர்ந்து உடல் கலர்ல ரெண்டு இழை, ஓரத்துல பிரிஞ்ச பார்டர் நூல் ஒண்ணு, கத்தரிச்சு ஒரு காகிதத்துல ஒட்டி, இப்ப போடற அளவு ப்ளவுஸ் ஒண்ணையும் வச்சு கூரியர்ல போடு. மாட்சிங் இங்க நான் பார்த்துக்கறேன். கார்த்திகை பிறந்துட்டா என் டெய்லர் யார் துணியும் வாங்க மாட்டார், நீ தாமதிச்சா அந்த யானை அம்பாரிக்காரன்கிட்டதான் குடுக்க வேண்டி வரும், ஜாக்கிரதை.

பேரனுக்கு என் ஆசிகள்.

உன்,
பத்மா

பி.கு: கை முழங்கை வரைக்குமா, அரைக் கையா? கழுத்து இறக்கம் எவ்வளவுன்னும் எழுது. பட்டன் முன்னாடிதானே?