லேபிளோடு நிறுத்தாதீர்கள்: திறந்த சாலைப் பந்தய அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பொதுச் சாலையை அடைத்து அமெச்சூர் பந்தயம் நடத்தும் அமைப்பாளர்களுக்கும் அவர்களின் தொழில்நுட்பச் சோதனைக் குழுவினருக்கும் வணக்கம்.

நெவாடாவின் 318ஆம் நெடுஞ்சாலையில் லண்ட் தொடங்கி ஹைகோ அருகே வரை 90 மைல் பந்தயம். டெக்சஸில் ஃபோர்ட் ஸ்டாக்டனுக்கும் சாண்டர்சனுக்கும் இடையே போக 59 மைல், வர 59 மைல். இந்தப் போட்டிகளின் பெரும்பாலான வகுப்புகளில் அடுத்தவரை முந்துவது நோக்கமல்ல. தான் தேர்ந்துகொண்ட சராசரி வேகத்துக்கு மிக நெருக்கமான நேரத்தில் முடிப்பவருக்கே வெற்றி. சாதாரண மனிதர் தன் சொந்தக் காரோடு வந்து கலந்துகொள்ள முடிவது இதனால்தான். அந்தக் கதவு திறந்தே இருக்க வேண்டும் என்று நாங்களும் விரும்புகிறோம்.

ஆனால் மணிக்கு 150 மைல் சராசரி வகுப்பில் ஓடுகிறவர் 90 மைலைக் கடக்க 36 நிமிடம் ஆகிறது. பந்தயத் தடத்தில் இருக்கும் சரளைப் படுகையோ டயர் தடுப்போ சாலையோரத்தில் கிடையாது. மதகும் பாறையும் வேலிக் கம்பமும்தான் இருக்கும். ஆம்புலன்ஸ் சில மைல்களுக்கு அப்பால் நிற்கும். எனவே யாரை எந்த வகுப்பில் ஓட விடுகிறோம், அவரை இருக்கையோடு எது பிடித்து வைத்திருக்கிறது என்ற இரண்டு கேள்விகளையும் தனித்தனி மேசைகளில் தீர்க்கக் கூடாது. உரிமத்தை ஒருவர் பார்க்கிறார், ஹார்னஸ் எனும் பந்தய இருக்கைப் பட்டையின் லேபிளை இன்னொருவர் பார்க்கிறார், இரண்டிலும் முத்திரை விழுந்துவிடுகிறது. இந்த முறையை மாற்றச் சொல்லித்தான் எழுதுகிறோம்.

முதலில் லேபிள். அமெரிக்கப் பந்தயப் பாதுகாப்புத் தர அமைப்பான எஸ்.எஃப்.ஐ.யின் 16.1 தரச் சான்று பெற்ற ஹார்னஸ், லேபிளில் துளையிட்டுக் காட்டியிருக்கும் மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுக்குச் செல்லும். உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் 8853-2016 தர ஹார்னஸில் எந்த ஆண்டு வரை செல்லும் என்பதே அச்சிடப்பட்டிருக்கும். வெயிலில் நிற்கும் காரில் புற ஊதாக் கதிர் பட்டை இழைகளைத் தளர்த்திவிடும், அது கண்ணுக்குத் தெரியாது. தேதியைப் பார்ப்பது சரிதான். ஆனால் அந்தத் தேதி பட்டை எப்படி நெய்யப்பட்டது என்பதற்குத்தான் சான்று. அதைக் காரில் எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்பதற்கு அல்ல. நல்ல பட்டையைத் தவறாகக் கட்டினால் அதுவே ஆளைக் காயப்படுத்தும்.

அடிக்கடி காணும் தவறு, தோள் பட்டைகளை இருக்கைக்குப் பின்னால் தரையில் பூட்டுவது. மோதும்போது உடல் முன்னே பாயும், பட்டையோ கீழ்நோக்கி இழுக்கும், அந்த விசை முதுகுத்தண்டை அமுக்கும். தோள் மட்டத்திலிருந்து கிடைமட்டத்துக்குக் கீழே 20 பாகைக்குள் பட்டை பின்னே போக வேண்டும். எஃப்.ஐ.ஏ. விதியிலேயே 45 பாகையைத் தாண்ட அனுமதி இல்லை. நீளமும் முக்கியம்: பின்னால் போகும் பட்டை எவ்வளவு நீளமோ, மோதலில் அவ்வளவு அதிகம் நீண்டு கொடுக்கும், தலை அவ்வளவு தூரம் ஸ்டியரிங்கை நெருங்கும். ஆகவே இருக்கைக்குச் சற்றுப் பின்னால் ரோல் பாரின் (கார் கவிழ்ந்தால் கூரையைத் தாங்கும் குழாய்ச் சட்டம்) குறுக்குக் குழாயில் சுற்றிக் கட்டுவதே சரி.

குழாயில் சுற்றும் இடத்தில் மூன்று பட்டி கொண்ட கொக்கி இருக்கும். பட்டையை அதில் கோத்த பிறகு, நுனியைத் திருப்பி மறுபடியும் கோக்க வேண்டும். இந்தக் கடைசித் திருப்பத்தை விட்டுவிட்டால், கையால் இழுத்துப் பார்க்கும்போது இறுக்கமாகவே இருக்கும், மோதலில் வழுக்கி வெளியே வந்துவிடும். கொக்கியைக் குழாயை ஒட்டி வைத்து, குறைந்தது 4 அங்குல நுனி வெளியே இருக்கிறதா என்று பாருங்கள். சோதனையாளர் பின்னிருக்கைப் பக்கம் டார்ச் விளக்கோடு குனிந்தால் ஒரு நிமிட வேலை.

இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும், வயிற்றின் மேல் அல்ல. நிமிர்ந்த இருக்கையில் 45 முதல் 80 பாகைக்குள் கீழிறங்கினால் அது எலும்பை விட்டு மேலே ஏறாது. இரண்டு தோள், இரண்டு இடுப்புப் பட்டை மட்டும் கொண்ட நான்கு முனை ஹார்னஸில் தோள் பட்டையை இறுக்கும்போதே நடுப் பூட்டு வயிற்றுக்கு ஏறிவிடும். மோதலில் ஆள் பட்டைக்கு அடியில் நழுவுவார், விசை முழுவதும் குடலும் கல்லீரலும் இருக்கும் மென்மையான பகுதியில் விழும். இதைத் தடுப்பதுதான் ஐந்தாவது, ஆறாவது முனையான கவட்டைப் பட்டையின் வேலை. அது இருக்கையில் உள்ள துளை வழியே இறங்கித் தரையில் பூட்டப்பட வேண்டும். துளையில்லாத கம்பெனி இருக்கையின் முன்விளிம்பைச் சுற்றிக் கொண்டுபோய்க் கட்டியிருந்தால், அதைக் கவட்டைப் பட்டையாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

போல்ட்டுக்கு வருவோம். எஃப்.ஐ.ஏ. கேட்பது எம்12 (12 மில்லிமீட்டர்), 8.8 வலிமைத் தர போல்ட் அல்லது 7/16 அங்குல யு.என்.எஃப். (நுண்மரை) போல்ட். தரைத் தகட்டில் துளையிட்டால் அடியில் குறைந்தது 3 மில்லிமீட்டர் தடிமனும் 40 சதுர சென்டிமீட்டர் பரப்பும் கொண்ட தாங்கு தகடு வேண்டும். அகலமான வாஷர் அதற்கு ஈடாகாது. மெல்லிய தரையைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். போல்ட்டில் மாட்டிய முனைத் தகடு இழுக்கும் திசைக்குத் தானே திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் பட்டை கொக்கியின் ஓரத்துக்கு ஒதுங்கி, சுமையெல்லாம் ஒரு விளிம்பில் ஏறி, அங்கிருந்து கிழியத் தொடங்கும். 2001 டேடோனா 500 பந்தயத்தில் ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் இறந்த விபத்தை ஆராய்ந்த, அமெரிக்கக் கார் பந்தய அமைப்பான நாஸ்கரின் அறிக்கை, அவருடைய இடப்பக்க இடுப்புப் பட்டை அறுந்ததற்கு இப்படிப் பட்டை ஓரம் ஒதுங்கியதையே காரணமாகச் சொன்னது. தலை, கழுத்துத் தாங்கியையும் அதே ஆண்டு அக்டோபரில் நாஸ்கர் கட்டாயமாக்கியது. தோளை மட்டும் இறுக்கிக் கட்டினால் தலை தனியாக முன்னே வீசப்படும், மண்டையோட்டின் அடிப்பகுதி முறியும். எனவே ஹார்னஸ் கேட்கும் எல்லா வகுப்புகளிலும் எஸ்.எஃப்.ஐ. 38.1 அல்லது எஃப்.ஐ.ஏ. 8858 தாங்கியைச் சேர்த்தே கேளுங்கள். ரோல் பார் இல்லாத காரில் ஹார்னஸை அனுமதிக்கவே வேண்டாம். கூரை நசுங்கும்போது, ஹார்னஸ் கட்டிய ஆளால் பக்கவாட்டில் சாய்ந்து தப்ப முடியாது.

தலைக்கவசத்தில் ஸ்னெல் அமைப்பின் கார் பந்தயத்துக்கான எஸ்.ஏ. தரமா என்று பார்த்தால் போதும். மோட்டார் சைக்கிளுக்கான எம் தரத்தில் தீத்தடுப்புச் சோதனை இல்லை.

இனி உரிமம். சாலை ஓட்டுநர் உரிமம் வேகத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. 110 மைல் வகுப்பிலிருந்து 150க்குப் போகிறவரின் காரில் இயக்க ஆற்றல் சுமார் 1.86 மடங்காகிறது. வகுப்பு ஏற்றத்துக்கு முந்தைய ஓட்டத்தின் முடிவு நேரம் மட்டும் போதாது. ஒரு கணக்கு: 110 வகுப்பில் ஒருவர் முதல் 45 மைலை 100 மைல் வேகத்தில் ஓட்டுகிறார், 27 நிமிடம். மொத்த நேரம் 49 நிமிடம் 5 விநாடிக்கு வர வேண்டுமென்றால் மீதி 45 மைலை 122 மைல் வேகத்தில் ஓட்டியாக வேண்டும். விநாடி பிசகாமல் முடித்துப் பரிசும் வாங்கலாம், ஆனால் அவர் அடுத்த வகுப்புக்குத் தயாரானவர் அல்ல. ஜி.பி.எஸ். பதிவை வாங்கி, 10 மைலுக்கு ஒருமுறை சராசரியைப் பாருங்கள். சீராக ஓட்டியவரை ஏற்றுங்கள், பின்பாதியில் துரத்திப் பிடித்தவரை அதே வகுப்பில் இன்னொரு முறை ஓட விடுங்கள். ஒரே நேரத்தில் ஒரு வகுப்புக்கு மேல் ஏற்றம் வேண்டாம்.

சோதனை நாளில், ஓட்டுநர் முழு உடையோடும் கவசத்தோடும் தன் இருக்கையில் உட்கார்ந்து கட்டிக்கொள்ள வேண்டும். முதலில் இடுப்புப் பட்டை, கடைசியில் தோள். கோணமானியை வைத்து மேலே சொன்ன கோணங்களை அந்த நிலையில்தான் அளக்க முடியும், காலி இருக்கையில் அளந்தால் பொய்க் கணக்கு வரும். பிறகு தானே பூட்டைத் திறந்து வெளியே வரச் சொல்லி நேரம் பாருங்கள். 15 விநாடி என்பது எங்கள் பரிந்துரை. நெம்புகோல் பூட்டில் உடையின் கைநுனி மாட்டிக்கொள்கிறதா, இடது கையாலும் எட்டுகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

பக்கத்தில் உட்காரும் வழிகாட்டிக்கும் இதே பட்டை, இதே தேதி, இதே கோணம், இதே 15 விநாடி. ஓட்டுநர் பக்கம் புதிய ஆறு முனை ஹார்னஸும் வழிகாட்டி பக்கம் காலாவதியான பழையதும் இருக்கும் காரைத் திருப்பி அனுப்புங்கள். அடுத்த விதிப்புத்தகம் அச்சாகும் முன் இவற்றைச் சேர்க்க வேண்டுகிறோம். சோதனையாளர்களுக்குப் பயிற்சி தேவையென்றால் கோணமானியோடு வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஹார்னஸ் பொருத்துவோரும் சோதிப்போரும்