மாத்திரை உறையில் தமிழில் நாலு வரி எழுதித் தாருங்கள்

மலையக வைத்தியசாலைகளுக்குப் பொறுப்பான சுகாதார அதிகாரிகள் அனைவருக்கும் வணக்கம்.

நான் தோட்டப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். என் அம்மா போன ஜூன் வரைக்கும் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். கிளினிக் வரிசை, ஆளணிப் பற்றாக்குறை, காலை நாலு மணி பஸ் எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். இரத்தம் கட்டாமல் தடுக்கும் மாத்திரைகளைக் கொடுக்கும்போது, அவை எதற்கு, ஏன் நிறுத்தக்கூடாது என்பதைத் தமிழில் எழுதித் தாருங்கள். என் கோரிக்கை இதுதான்.

போன டிசம்பரில் அம்மாவுக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அடைத்த இரத்தக்குழாயைத் திறந்து வைத்திருக்கும் சின்ன வலைக்குழாய் அது. உயிரைக் காப்பாற்றிய வைத்தியர்களுக்கு எங்கள் வீட்டில் நன்றி என்றைக்கும் உண்டு. வீட்டுக்கு அனுப்பும்போது அஸ்பிரின் 75, குளோபிடோக்ரெல் 75 என்று இரண்டு மாத்திரை. உறையில் ஆங்கிலத்தில் ஒரு கிறுக்கல். மருந்து ஜன்னலில் இருந்தவர் சிங்களத்தில் ஒரே ஒரு வரி சொன்னாராம்: இது இரத்தத்தை மெல்லியதாக்கும் மருந்து.

அந்த வரி அம்மாவின் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று தயவுசெய்து யோசித்துப் பாருங்கள். கல்யாணம் முடித்து லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வந்த நாளிலிருந்து மிட்வைஃப் மிஸ்ஸி அவரிடம் சொன்னதெல்லாம் "உனக்கு ரத்தம் பத்தாது" என்பதுதான். மூன்று பிள்ளைக்கும் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியவர். ரத்தம் குறைந்து மலையில் தலைசுற்றி விழுந்த பெண்களைக் கைத்தாங்கலாக இறக்கிக் கொண்டுவந்தவர். அப்படிப்பட்டவரிடம் இருக்கிற ரத்தத்தையும் மெல்லியதாக்க ஒரு மாத்திரை! அப்படியும் டாக்டர் சொல்லிவிட்டாரே என்று ஆறு மாதம் ஒழுங்காகக் குடித்தார்.

ஜூன் மழையில் அட்டை ஏறியது. சவர்க்காரமும் சுண்ணாம்பும் தடவிக்கொண்டுதான் போனார், ஆனாலும் கணுக்காலில் இரண்டு கடி. மத்தியானம் கொழுந்து நிறுக்கும்போது சொக்ஸைக் கழற்றிப் பிழிந்தால் சொட்டியது. தேயிலைத் தூளை அப்பித் துணியால் கட்டினார்கள். விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் துணி நனைந்துகொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "ரத்தமெல்லாம் தண்ணியாப் போச்சு, இந்த மாத்திரைய விட்ருக்கா" என்றார். அன்றிரவே அம்மா விட்டுவிட்டார். வேறு ஊரில் தங்கிப் படிப்பிக்கும் எனக்குச் சொல்லவில்லை.

தம்பி அக்கறையோடு டவுனில் இரத்தப் பரிசோதனை எடுத்தான். பிளேட்லட் 2,40,000. டெங்கு வந்த பிறகு பிளேட்லட் கவுன்ட் என்றால் லயத்தில் எல்லோருக்கும் தெரியும். கவுன்ட் சரி, அப்படியானால் மாத்திரைதான் குழப்பம் என்று முடிவெடுத்தார்கள். பத்தாம் நாள் காலையில் அம்மா, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஸ்டென்டுக்குள் இரத்தம் கட்டியிருந்தது.

எங்கள் பாடப்புத்தகத்தில் குருதிச் சிறுதட்டுக்கள் என்று இருப்பவைதான் இந்தப் பிளேட்லட். காயம்பட்ட இடத்தில் இவை ஒன்றையொன்று கூப்பிட்டுக் கூடி ஒட்டிக்கொள்கின்றன. அப்படிக் கூப்பிடும் பொருள்களில் ஒன்று திரொம்பொக்ஸேன். அது உண்டாகாமல் அஸ்பிரின் தடுக்கிறது. ஏ.டி.பி. என்ற இன்னொரு அழைப்பு கேட்காதபடி குளோபிடோக்ரெல் காதை அடைக்கிறது. இரத்தம் குறைவதுமில்லை, தண்ணீராவதுமில்லை. தட்டுக்களின் எண்ணிக்கையும் வழக்கம்போலத்தான் இருக்கும். அவை கூடி ஒட்டுவதுதான் தடைப்படுகிறது. தம்பி பார்த்த கவுன்டில் அது தெரிய வழியே இல்லை. அட்டையின் எச்சிலிலும் இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் உண்டு. மாத்திரையும் அட்டையும் சேர்ந்த இடத்தில் இரத்தம் நேரம் எடுத்துத்தான் நிற்கும். சுத்தமான துணியை வைத்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல், 15 நிமிடம் அழுத்திப் பிடித்திருந்தால் அநேகமாக நின்றிருக்கும்.

அப்புறம் அந்தப் பத்து நாள். மாத்திரை பட்ட தட்டு சாகும் வரைக்கும் அப்படியேதான் இருக்கும். அதன் ஆயுள் ஏழு முதல் பத்து நாள். மாத்திரையை விட்டால் தினமும் பத்தில் ஒரு பங்கு புதிதாக வந்து சேரும். பத்தாம் நாள் அம்மாவின் உடம்பில் ஓடிய தட்டுக்கள் அநேகமாக எல்லாமே மாத்திரை படாத புதியவை. இதை நான் தரம் பதினொன்றுக்குக் கரும்பலகையில் எழுதிப் படிப்பிக்கக்கூடியவள். என் அம்மாவுக்குச் சொல்ல அந்த வைத்தியசாலையில் ஒருவரும் இருக்கவில்லை, நானும் இருக்கவில்லை.

எங்கள் லயத்தில் இதய வால்வு மாற்றிய ஒரு தங்கச்சி வார்ஃபரின் குடிக்கிறாள். அது தட்டுக்களைத் தொடுவதே இல்லை. விட்டமின் கே-யை வைத்து ஈரல் செய்யும் உறைகாரணிகளை, அதாவது இரத்தத்தை உறையச் செய்யும் பொருள்களை, குறைக்கிறது. அதற்கு, இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை பார்க்க வேண்டும், விட்டமின் கே உள்ள கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. அவளுக்கும் ஜன்னலில் சொன்னது அதே "மெல்லியதாக்கும் மருந்து"தான். இரண்டு பேரும் ஒரே மாத்திரை என்று நினைத்து ஒருவருக்கொருவர் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதைக் கேட்டபோது எனக்குக் கை நடுங்கியது.

1987இல் 13ஆவது திருத்தம் வந்ததிலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. அதற்குப் பிறகு பிறந்தவள் நான். கிராம சேவகர் கடிதம், பொலிஸ் முறைப்பாடு என்று எத்தனையோ தாள்களில் புரியாத மொழிக்குக் கீழே அம்மா கையெழுத்து வைத்திருக்கிறார். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். மாத்திரை உறையைப் பொறுத்துக்கொள்ள முடியாது, ஐயா.

கேட்பது பெரிய செலவு இல்லை. உறையோடு வைக்க ஒரு சின்னத் தாள். அதில் இப்படி இருந்தால் போதும்: "இந்த மாத்திரை இரத்தத்தைக் குறைக்காது. ஸ்டென்டில் இரத்தம் கட்டாமல் காக்கும். வைத்தியர் சொல்லாமல் ஒரு நாளும் நிறுத்த வேண்டாம். காயம்பட்டால் 15 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நிற்காவிட்டால், அல்லது மலம் கறுப்பாகப் போனால், உடனே வாருங்கள். காய்ச்சலுக்கு மருந்தெடுக்கப் போனாலும் பல் பிடுங்கப் போனாலும் இந்தத் தாளைக் காட்டுங்கள்." வார்ஃபரினுக்கு வேறொரு தாள். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்கு, ஜன்னலில் இதைத் தமிழில் வாய்விட்டுச் சொல்ல ஒருவர்.

எழுதிக்கொடுக்க ஆள் இல்லை என்றால் நான் எழுதித் தருகிறேன். உங்கள் வைத்தியர்கள் சரிபார்த்தால் போதும். சனி, ஞாயிறில் வந்து ஜன்னலுக்குப் பக்கத்தில் நிற்கவும் தயார், அதற்குக் காசு வேண்டாம்.

அம்மா பிழைத்துவிட்டார். ஆனால் மலை ஏற முடியாது, லயத்துப் படி ஏறவே இரண்டு தடவை நிற்கிறார். அடுத்த மாதம் முதல் வாரம் அவருக்குக் கிளினிக். அன்றைக்கு அவர் கையில் கொடுக்கும் உறையில் தமிழ் இருக்க வேண்டும் என்று மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கொழுந்தெடுத்த ஒரு தாயின் மகள்,
பொகவந்தலாவை.