கூட்டாகப் பறக்கும் ட்ரோன்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வயலில் மருந்து தெளிக்கும் ட்ரோன் டெல்டாவுக்கு இன்று புதிதல்ல. ஆனால், ஒன்றை ஒருவர் வரப்பில் நின்று இயக்கும் முறையைத் தாண்டி, பல ட்ரோன்கள் தமக்குள் செய்தி பரிமாறி ஒரே வேலையைப் பகிர்ந்து செய்வதற்கான கட்டுப்பாட்டியல் (இயந்திரங்களின் இயக்கத்தைத் தானாக நெறிப்படுத்தும் துறை) ஆய்வு பல ஆண்டுகளாக நடந்துவருவதை நம்மில் பலர் அறியவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் விஜய் குமாரின் ஆய்வுக் குழு, நான்கு சுழலிகள் கொண்ட சிறு ட்ரோன்களைக் கூட்டமாகப் பறக்கவிட்டுக் காட்டியது. ஒவ்வொன்றும் தன் அருகிலுள்ள சிலவற்றின் இடத்தையும் வேகத்தையும் மட்டும் அறிந்து தன் போக்கைத் திருத்திக்கொண்டால், மையக் கணினியின் ஆணை தேவையில்லை; ஒன்று பழுதானாலும் மற்றவை வேலையைத் தொடரும். கோடியக்கரையில் பறவைக் கூட்டம் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தபின், மின்சாரமும் கைபேசித் தொடர்பும் அற்று, தென்னைகள் சாலையை அடைத்துக் கிடக்க, அடுத்த ஊரின் நிலையைக்கூட அறிய முடியாமல் தவித்தோம். கைபேசிக் கோபுரங்களை நம்பாமல் இயங்கும் இத்தகைய ட்ரோன் கூட்டம், காற்று தணிந்ததுமே பாதிப்பைப் படம்பிடித்துத் தந்திருக்கும். மின்கலம் நெடுநேரம் தாங்காது என்பது உண்மையான தடைதான். அதனாலேயே பல ட்ரோன்கள் முறைவைத்துப் பறக்க வேண்டியிருக்கிறது.

பருவமழையில் மூழ்கும் சம்பா வயல்களை அளந்து பார்க்கும் பணியிலிருந்தே தொடங்கி, இத்துறை ஆய்வாளர்களுக்கு டெல்டாவிலேயே சோதனைக் களம் அமைத்துத் தருமாறு தமிழ்நாடு அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர்,
திருத்துறைப்பூண்டி