கசியும் மீத்தேனுக்கு யார் கணக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

எண்ணெய், எரிவாயுத் துறையின் உமிழ்வைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் கரியமில வாயுவோடு நின்றுவிடுகின்றன. கிணறுகளிலும் குழாய் இணைப்புகளிலும் கசியும் மீத்தேன் (இயற்கை எரிவாயுவின் முதன்மைக் கூறு), 20 ஆண்டுக் கால அளவில் அதைவிட 80 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கூட்டக்கூடியது. கசிவதோ விற்பனைக்குரிய சரக்கு என்பதால், தடுக்கும் செலவில் கணிசமான பகுதி திரும்பக் கிடைத்துவிடும்.

சட்டமும் வரியும் இத்துறையின் போக்கை மாற்றும் என்பதற்கு நார்வே ஒரு சான்று. அந்நாடு 1970களின் தொடக்கம் முதலே, பாதுகாப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் உபரி வாயுவை எரிக்க அனுமதிப்பதில்லை. 1991இல் அது விதித்த கரியமில வாயு வரியின் அழுத்தத்தால்தான், வடகடலிலுள்ள ஸ்லைப்னர் எரிவாயு வயலில், எரிவாயுவிலிருந்து பிரித்தெடுக்கப்படும் கரியமில வாயு 1996 முதல் கடலடிப் பாறையடுக்குக்குள் செலுத்தப்படுகிறது. அந்நாடு ஏற்றுமதி செய்யும் எண்ணெய் வேறெங்கோ எரிந்து புகையாவது இக்கணக்கில் வராது என்பது வேறு விஷயம்.

மீத்தேன் உமிழ்வை 2030க்குள் 30 விழுக்காடு குறைப்பதற்காக 2021இல் கிளாஸ்கோவில் தொடங்கப்பட்ட உலகளாவிய உறுதிமொழியில் இந்தியா இணையவில்லை. நெல் வயல்களையும் கால்நடைகளையும் நம்பி வாழ்வோரை எண்ணித் தயங்குவது நியாயமே. ஆனால் குழாய்க் கசிவுக்கு உழவர்கள் பொறுப்பல்லர். எண்ணெய் நிறுவனங்கள் கசிவைக் குறித்த இடைவெளியில் சோதித்து, அளவீடுகளைப் பொதுவில் வெளியிடுவதையாவது மத்திய அரசு சட்டப்படி கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், நாகப்பட்டினம்